சுற்றிலும் கோடு, நடுவில் வட்டம்

நான் வேலை பார்த்த லாட்ஜில் முன்பெல்லாம் கட்டிலுக்கு வெள்ளை விரிப்புதான். மலைமேல், ஒண்டிக்கடை என்கிற கடைத்தெருவிலிருந்து ஏரிக்குப் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் லாட்ஜ் அது. சீசனில் ஒரு குடும்பம் அறையைக் காலி செய்கிற நேரமும் அடுத்த குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கிற நேரமும் ஒன்றாகவே இருக்கும். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் கொடியில் போட்ட துணி காயாது. அதைவிடத் தொல்லை, கறை. டீ, குழம்பு, மருதாணி, குழந்தைகள் சப்பிவிட்டுத் துடைத்த சாக்லெட். வெள்ளைத் துணியில் எல்லாமே தெரியும். ஒரு வருடம் சீசன் தொடங்குவதற்கு முன்னால் முதலாளி வெள்ளையை எல்லாம் மூட்டை கட்டச் சொல்லிவிட்டு, கோடு போட்ட விரிப்புகளை வேனில் கொண்டுவந்து இறக்கினார். விரல் அகலத்துக்குக் கறுப்பு, விரல் அகலத்துக்கு வெள்ளை, மறுபடியும் கறுப்பு. ஒரு கட்டிலில் விரித்துப் பார்த்த மேனேஜர், "இனிமே எவன் எதக் கொட்டுனாலும் தெரியாதுப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

எனக்குத் தெரிந்தது.

துணி அறை என் பொறுப்பு. துவைத்து வந்த விரிப்புகளைப் பிரித்து, பார்த்து, மடித்து அடுக்க வேண்டும். கோடு போட்ட விரிப்புகள் வந்த முதல் வாரமே, ஒன்றைப் பிரித்தபோது இரண்டு கறுப்புக் கோடுகளுக்கு நடுவில் மங்கலாக ஒரு டீக்கறை. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன கறைதான். ஆனாலும் இருந்தது. தனியாக எடுத்து வைத்தேன். அடுத்ததிலும் ஒன்று. சாயங்காலம் பார்த்தால் அடுக்கில் இருந்ததைவிட ஒதுக்கி வைத்தது அதிகமாக இருந்தது. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். சேலத்துக்காரர். கோபம் வந்தாலும் சட்டென்று தணிந்துவிடுவார்.

"ஏப்பா, இதெல்லாம் எதுக்கு இங்க கெடக்குது?"

"கறைங்க சார். திரும்பத் துவைக்கப் போடோணும்."

"எங்க கறை? காட்டு."

காட்டினேன். குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

"ஒண்ணுமே இல்லியே."

"இந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவுலங்க சார்."

அவர் துணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. "இன்னிக்கு மாத்திரை போட்டியாப்பா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

போட்டிருந்தேன். தினமும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணமாகி இரண்டாவது வருடம் எனக்கு மனச்சிதைவு நோய் வந்தது. இரண்டு ஆண்குரல்கள் கேட்கும். என்னிடம் பேசாது, என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். நான் சட்டை மாட்டினால் 'சட்டை மாட்டுகிறான்' என்று ஒன்று சொல்லும், 'எதற்கு மாட்டுகிறான் என்று எனக்குத் தெரியும்' என்று மற்றது சொல்லும். அப்போது எஸ்டேட் ஒன்றில் டிரைவராக இருந்தேன். ஜீப்பை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் காப்பிச் செடிகளுக்குள் இறங்கி, பேசுகிறவர்களைத் தேடிக்கொண்டு போயிருக்கிறேன். வேலை போயிற்று. என் மனைவி பக்கத்து மலைக்கிராமமான செம்மநத்தத்துப் பெண். ஒரு பள்ளி விடுதியில் ஆயாவாக இருந்தாள். அவள் என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் குரல்கள் மெல்ல மெல்லத் தூரம் போயின. போனபிறகு அவர் ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்.

"சந்தேகமா இருந்தா பக்கத்துல இருக்கிறவங்களக் கேளுங்க. அவங்களுக்கும் கேட்டா, அது இருக்கு. அவங்களுக்குக் கேக்கலைன்னா, இல்ல. அவ்வளவுதான்."

அந்த ஒரு வழியைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஐந்தாறு வருடம் ஓட்டினேன். அப்படி நிதானமாக இருந்ததால்தான் லாட்ஜில் துணி அறை வேலையும் கிடைத்தது. அந்த வழிப்படி பார்த்தால் மேனேஜருக்குத் தெரியாத கறை இல்லாத கறை. இதுவரை காதில் வந்தது, இப்போது கண்ணில் வருகிறதா?

ஒரு விரிப்பை மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி அப்போதுதான் விடுதியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் வெளிச்சம் இருந்தது. கட்டிலில் விரித்தேன்.

"ஏம்புள்ள, இதுல உனக்கு என்ன தெரியுது?"

"கோடு தெரியுது."

"கோட்டுக்கு நடுவுல?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்த்தாள். மேனேஜரைப் போல அவசரப்படவில்லை. முனையிலிருந்து முனை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனாள். நான் கறையின் மேல் என் விரலை வைத்தேன்.

"இங்க."

நெடுநேரம் பார்த்தாள். அவள் எனக்காகப் பொய் சொல்லிவிடுவாளோ என்று ஒரு நொடி பயந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க" என்றாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?"

மறுநாள் பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடிவாரத்தில் இறங்கி டீ குடித்தபோது டம்ளரைச் சுற்றி ஈரவட்டம் தெரிந்தது. அது இருக்கிறதா என்று அவளிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை.

சேலத்து டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். குரல் கேட்கிறதா? இல்லை. யாராவது வேண்டுமென்றே கறை வைக்கிறார்களா? இல்லீங்க, துவைத்தது சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான். கறை ஏதாவது சொல்கிறதா? இல்லை. டீக்கறை, டீக்கறை மாதிரிதான் இருக்கிறது. அவர் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாத்திரையை மாற்றவில்லை. "அவங்களும் ஒருதரம் பாக்கட்டும்" என்றார்.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பெரிய டாக்டர் கறைக் கதையைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தார். கிண்டல் சிரிப்பு இல்லை. மாடியில் ஒரு பெண் டாக்டர் கண்ணையும் மூளையையும் பற்றிப் பரிசோதனை செய்கிறார், விருப்பம் இருந்தால் போய் உட்காருங்கள், இது வைத்தியம் இல்லை, உட்காராவிட்டாலும் ஒன்றுமில்லை என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். "ஊசி கீசி போடுவாங்களா?" என்று அவள் கேட்டாள். போட மாட்டார்களாம்.

மாடியில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல தமிழ் பேசினார். என்ன செய்யப் போகிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, புரிகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். ஜன்னலை எல்லாம் கறுப்புத் துணியால் மூடிய அறை. நாற்காலி, மோவாயை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி, எதிரே டிவி மாதிரி ஒரு திரை.

திரையில் இரண்டு வட்டங்கள். இரண்டிலும் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகக் கோடுகள். இடதுபக்க வட்டம் வெறும் சாம்பல் தரையில் தனியாக இருந்தது. வலதுபக்க வட்டத்தைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாக அதே மாதிரிக் கோடுகள், பளிச்சென்று, திரையின் விளிம்பு வரைக்கும்.

"சுத்தி இருக்கிறத விட்டுருங்க சார். வட்டத்துக்குள்ள மட்டும் பாருங்க. எதுல கோடு நல்லா எடுப்பா தெரியுது? இடமா, வலமா?"

நான் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்து மறுபடியும் பார்த்தேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது. வலதுபக்கம் வேணா ஒரு பொட்டு கம்மி."

அவர் குறித்துக்கொண்டார். படத்தை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். முடிந்தபோது கழுத்து வலித்தது. அப்புறம் என் மனைவியிடம், "அக்கா, நீங்களும் உக்காருறீங்களா?" என்று கேட்டார். அவள் கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். முதல் படம் வந்ததுமே, "இடதுபக்கந்தாங்க நல்லாத் தெரியுது. வலதுபக்கம் மங்கிக் கெடக்குது. இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?" என்றாள்.

இங்கேயும் அதேதான். அவளுக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் மேஜையிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை எடுத்தார். அதில் இரண்டு ஓட்டைகள். திரைமேல் வைத்துப் பிடித்தார். சுற்றியிருந்த பளிச்சென்ற கோடுகள் எல்லாம் மறைந்து, இரண்டு ஓட்டை வழியாக இரண்டு வட்டங்கள் மட்டும் தெரிந்தன.

"ஐயோ" என்றாள் என் மனைவி.

இரண்டும் ஒன்றுதான். அவள் எழுந்து திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். அட்டையை எடுத்துவிடச் சொன்னாள். வைக்கச் சொன்னாள். எடுத்தால் வலது வட்டம் மங்குகிறதாம், வைத்தால் தெளிகிறதாம். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பின் அப்படி ஒரு முறையும் பார்த்ததில்லை.

"அப்ப எனக்குத்தான் தப்பாத் தெரியுதுங்களா?" என்று கேட்டாள்.

"தப்புன்னு இல்லக்கா. முக்கால்வாசிப் பேருக்கும் மேல அப்படித்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான். இந்தப் படத்த நான்தான் செஞ்சேன், ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கே தெரியும். ஆனாலும் மங்கலாத்தான் தெரியுது."

பிறகு என் தலையில் ஒரு தொப்பியை மாட்டினார். தொப்பி முழுக்க ஒயர். முடிக்குள் ஏதோ பசை மாதிரி ஒன்றைத் தடவினார். மறுபடி படங்கள். இந்த முறை நான் எதையும் சொல்ல வேண்டாம், நடுவில் இருந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். பக்கத்து அறையில் இன்னொரு திரையில் என் மூளையிலிருந்து வருகிற அலை ஓடிக்கொண்டிருந்ததாம். முடிந்தபின் அழைத்துக் காட்டினார். வட்டம் தனியாக இருக்கும்போது அலை ஒரு உயரத்துக்கு எழும்புகிறது. சுற்றிலும் கோடு போட்டால் சாதாரணமாக அந்த அலை நன்றாக அமுங்கிப்போகும். எனக்கும் அமுங்கியது, ஆனால் கொஞ்சம்தான்.

"ஏன் அமுங்கோணும்?" என்று கேட்டேன்.

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். மூளையில் பார்வைக்கென்று இருக்கிற செல்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. பக்கத்தில் இருப்பவை பலமாக வேலை செய்தால் நடுவில் இருப்பதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினால் எதைக் கவனிப்பது? அதனால் அந்த அடக்கம் தேவைதான். இந்த நோய் இருக்கிறவர்களில் சிலருக்கு அந்த அடக்கம் கம்மியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி இல்லை. ஏன் என்று சரியாகத் தெரியாது.

"அப்ப அந்த விரிப்புல கறை?" என்றாள் என் மனைவி.

"அத நான் பாக்கலியே அக்கா. இதனால தெரிஞ்சிருக்கலாம். இல்ல, வருஷக்கணக்கா துணிய பாத்துப் பாத்துப் பழகின கண்ணுங்கிறதால இருக்கலாம். என்னால சொல்ல முடியாது."

"இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டும் இல்ல சார். கம்மியா இருக்கு. அவ்வளவுதான்."

ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குள் 'அவ்வளவுதான்' என்பது தங்கவில்லை. ஓசூர் தாண்டும்போதே ஒரு குதூகலம் வந்துவிட்டது. நான் பார்த்தது சரி. மேனேஜருக்குத் தெரியவில்லை, மனைவிக்குத் தெரியவில்லை, படித்துப் பட்டம் வாங்கிய அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, தர்மபுரி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் யோசனை வேறு பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாதது இல்லாதது என்பதுதானே சேலத்து டாக்டர் சொன்ன வழி. அந்த வழியே தப்பு என்றால்? காதில் கேட்டதும் அப்படித்தானோ? மற்றவர்களுக்கு அமுங்கிப்போனது எனக்கு அமுங்காமல் கேட்டதோ?

அது எவ்வளவு பெரிய தாண்டல் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது தாண்டலாகவே தெரியவில்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படி போல இருந்தது.

மாத்திரையை நிறுத்தினேன். வாயில் போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போய்த் துப்பிவிடுவேன். மனைவி சந்தேகப்படவில்லை. அவள்தான் அந்த நாட்களில் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தாள். விடுதியில் மற்ற ஆயாக்களிடம், "எங்க ஊட்டுக்காரரு கண்ணு நொம்பக் கூர்மைன்னு பெங்களூர் டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதலில் நன்றாகவே இருந்தது. மாத்திரையால் வந்த கை நடுக்கம் குறைந்தது, காலையில் எழுந்ததும் தலை கனக்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தது. சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தால் மரம் தெரியாது, இலைகள் தெரியும். ஒவ்வொரு இலையும் என்னை அழைப்பது போல இருக்கும். ஒண்டிக்கடையில் நடந்தால் கடைப்பலகைகளில் இருக்கிற எழுத்தெல்லாம் ஒன்றாக வந்து கண்ணில் மோதும். எதை விடுவது, எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு நாள் டீக்கடை ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு குரல்கள் வந்தன. முதலில் அடுத்த அறையில் யாரோ பேசுவது போல. பிறகு அதே இருவர்.

சித்திரை மாதம், லாட்ஜில் எல்லா அறையும் நிறைந்திருந்த ஒரு நாள். மத்தியானம் மேகம் இறங்கி முற்றம் வெள்ளையாக இருந்தது. 'எல்லாத் துணியிலும் இருக்கிறது, இவன் மறைக்கிறான்' என்று ஒரு குரல் சொல்லிற்று. நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய்க் கட்டில்களிலிருந்து விரிப்புகளை உருவினேன். ஏரிக்குப் போயிருந்தவர்களின் அறைகள் முதலில். பிறகு ஆள் இருந்த அறைகளும். ஒரு அறையில் கைக்குழந்தையைப் படுக்க வைத்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கி அதன் தாயிடம் கொடுத்துவிட்டு விரிப்பை எடுத்தேன். அந்த அம்மாள் கத்தினாள். எல்லாவற்றையும் முற்றத்தில் கொண்டுவந்து குவித்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, கறை, கறை என்று காட்டிக்கொண்டிருந்தேன். யாருக்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள்.

மேனேஜர் யாரையும் என்மேல் கை வைக்க விடவில்லை. விடுதிக்குப் போன் போட்டு என் மனைவியை வரச் சொன்னார். அவள் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கிற்று. கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள். பிறகு நேராக வந்து அந்த விரிப்புக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, இப்புடி வந்து உக்காருங்க."

"எந்திரி புள்ள. கறை."

"இருந்துட்டுப் போகட்டும். உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஈரமாக இருந்தது.

"மாத்திரை போடறீங்களா?"

நான் ஒரு விரிப்பின் முனையைத் திருப்பிப் பார்த்தேன்.

"போடறதில்லீங்களா?"

"அந்த டாக்டரம்மா சொன்னாங்கல்ல. நான் பாக்கறது சரின்னு. உனக்குத்தான் தப்பாத் தெரியுதுன்னு. நீயும் பாத்தீல்ல?"

"பாத்தேனுங்க."

"அப்புறம் என்ன?"

அவள் அழவில்லை. என் சட்டைப் பட்டன் ஒன்று கழன்றிருந்ததைப் போட்டுவிட்டாள். "அவங்க வட்டத்தப் பத்திச் சொன்னாங்க. வட்டத்தப் பாத்ததுல நீங்க சரி, நான் தப்பு. ஒத்துக்கறேன். வேற எதப் பத்தியும் அவங்க சொல்லலீங்களே. அந்தக் கொழந்தையத் தூக்கினீங்களாமே, அது பயந்து போச்சுங்க."

அவள் சொன்னது எனக்குப் புரிந்ததா என்றால், இல்லை. வட்டத்துக்கும் மற்றதுக்கும் நடுவில் எங்கே கோடு போடுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் குழந்தை பயந்தது என்றது புரிந்தது. எழுந்து அவளோடு போனேன். மேனேஜர் லாட்ஜ் வேனிலேயே எங்களைச் சேலத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்து பெங்களூர். அங்கே கொஞ்ச நாள் படுக்கையில் இருந்தேன்.

அந்தப் பெண் டாக்டருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். வார்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. என் கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இன்னும் தெளிவாச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நீங்க தெளிவாத்தானுங்க சொன்னீங்க" என்றேன். அது உண்மை. அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்கு இன்றுவரை அகப்படவில்லை. நான் கேட்டதிலும் தப்பு அகப்படவில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ அது நடந்துவிட்டது.

எனக்குத் தெளிந்து, வீட்டுக்கு அனுப்பப் போகிற நாளில் அவர் மறுபடியும் வந்தார். கையில் ஒரு தாள். பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கறுப்பில் ஒரு சாம்பல் சதுரம், வெள்ளையில் ஒரு சாம்பல் சதுரம்.

"இதுல எது வெளுப்பு?"

"கறுப்புல இருக்கறதுங்க" என்றேன் உடனே.

"ஆமாங்க, அதுதான்" என்றாள் என் மனைவி.

தாளின் நடுப்பகுதியை உள்ளே மடித்து இரண்டு சதுரங்களையும் ஒட்டினாற்போல் கொண்டுவந்தார். ஒரே சாம்பல். பிரித்தார். மறுபடியும் ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு.

என் மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வார்டில் அவ்வளவு சத்தமாகச் சிரிக்கக் கூடாது, நர்ஸ் திரும்பிப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தப்பாகத் தெரிந்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு அடங்கினதும் குழப்பம் வந்தது.

"அப்ப இதுல என் மூளை எல்லார மாதிரியும் ஏமாறுதுங்களே? அன்னிக்கு ஏன் ஏமாறல?"

"அது வேற வழி, இது வேற வழின்னு நெனைக்கிறோம் சார். வெளுப்பா கறுப்பாங்கிறத மூளை ஒரு விதமா பாக்குது. கோடு எவ்வளவு எடுப்பா இருக்குங்கிறத இன்னொரு விதமா பாக்குது. ஒண்ணுல நீங்க வேற மாதிரி. ஒண்ணுல எங்கள மாதிரி. இதுக்கு மேல கேட்டா எனக்கும் தெரியாது."

அந்தத் தாளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை முறை பார்த்தாலும் ஏமாந்தேன்.

பெங்களூரில் மாற்றிக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். இப்போது மனைவி எதிரில் உட்கார்ந்திருப்பாள், தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டுவேன். முதலில் அவமானமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. லாட்ஜில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மேனேஜர்தான் முதலாளியிடம் பேசினார். துணி அறை வேண்டாம் என்று நானே சொன்னேன். வெந்நீர் பாய்லரைப் பார்த்துக்கொண்டேன். விறகு, தண்ணீர், நெருப்பு. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு தடவை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு விரிப்பைத் தாண்டிப் போகும்போது நின்று பார்த்தேன். கோடுகள்தான் தெரிந்தன. கறை உண்மையிலேயே போய்விட்டதா, புது மாத்திரையால் என் கண்ணிலிருந்து போய்விட்டதா, அல்லது அது வேறு விரிப்போ, கண்டுபிடிக்க வழி இல்லை. பக்கத்தில் இருந்த பையனைக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம், தெரிகிறது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே விளங்காததால் பாய்லருக்குப் போய்விட்டேன்.

அந்தப் பெண் டாக்டர் வெளிநாடு போவதற்கு முன் லாட்ஜுக்குப் போன் செய்தார். இன்னொரு முறை வந்து உட்கார முடியுமா, புது மாத்திரை போடும்போது அலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், விருப்பம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்றார். மனைவியைக் கேட்டேன். "உங்க இஷ்டமுங்க" என்றாள். ஆனால் அன்று முழுக்கப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். நான் போகவில்லை. போயிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று சில நாள் ஆசையாக இருக்கும், சில நாள் போகாததே நல்லது என்று இருக்கும்.

போன வருடம் செய்தித்தாள் எழுத்து மங்க ஆரம்பித்தது. எனக்கு உடனே பழைய பயம். சேலத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மனைவி அழைத்துப் போனாள். அங்கே இருந்தவர், இது வயசுக்கு வருகிறதுதான், எல்லாருக்கும் வரும் என்று சொல்லிவிட்டு, கனமான ஒரு சட்டத்தை என் மூக்கில் மாட்டினார். அதில் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இது தெளிவா இருக்குங்களா, இதுங்களா?"

"இன்னொரு தரம் காட்டுங்க."

"மொதல் கண்ணாடி... ரெண்டாவது கண்ணாடி. எதுங்க?"

இரண்டாவது கொஞ்சம் தெளிவு போலத் தோன்றியது. அது கண்ணாடியால் தெரிகிறதா, கடையில் சுற்றிலும் தொங்கிய வெளிச்சத்தால் தெரிகிறதா, வேறு ஏதாவதா?

"நீங்களே பாத்துச் சொல்லுங்களேன்" என்றேன்.

"உங்க கண்ணுக்கு நான் எப்புடிங்க சொல்றது?" என்று அவர் சிரித்தார். பின்னால் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள் போல.

"ரெண்டாவதுங்க" என்றேன்.

"உறுதிங்களா?"

"உறுதின்னு இல்லீங்க. ரெண்டாவது."

அவர் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி வந்தது. முதல் சில நாட்கள் படியில் இறங்கும்போது தலை சுற்றியது. இப்போது சுற்றுவதில்லை.